மின்னஞ்சலில் மெய்யும் பொய்யும்



கண்ணுக்கெட்டாத தொலைவில் இருப்பவரோடு உரையாடுவதற்கு மனிதன் கண்ட சிறந்த கருவி கடிதம். நேரில் பேசும்பொழுது எதிரில் நிற்பவரின் முகத்தைக் காண்கிறோம், குரலைக் கேட்கிறோம், கண்களில் தோன்றும் குறிப்பை அறிகிறோம். கடிதத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. எழுத்தை மட்டும் நம்பி, எழுதியவரை நாமே மனத்தில் உருவாக்கிக்கொள்கிறோம். ஆகவே, கடிதம் எழுதும் வழக்கம் பரவிய இடமெல்லாம் பொய்க் கடிதம் எழுதும் வழக்கமும் உடன் பரவியதில் வியப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த பலருக்கு ஸ்பெயின் நாட்டிலிருந்து ஒரு வகைக் கடிதம் வருவதுண்டு. ‘நான் செல்வந்தன், அநியாயமாகச் சிறைப்பட்டிருக்கிறேன், என் பொருள் ஒரு மறைவிடத்தில் உள்ளது, நீங்கள் சிறிது பணம் அனுப்பி என்னை மீட்டால், அப்பொருளில் பெரும்பங்கு உங்களுக்கு’ என்பது அதன் சாரம். பணம் அனுப்பியவருக்கு, இன்னும் சிறிது பணம் வேண்டும் என்று மற்றொரு கடிதம் வரும். உண்மையில் கைதியும் இல்லை, புதையலும் இல்லை. ‘ஸ்பெயின் கைதி’ என்றே அம்மோசடிக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அயல்நாட்டுச் செல்வர் ஒருவர் வாரிசின்றி இறந்துபோனார் என்றும், அவர் விட்டுச்சென்ற கோடிகளில் உங்களுக்குப் பங்குண்டு என்றும், அதனைப் பெற ஒரு சிறு கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் இன்று உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் கடிதம், அந்த ஸ்பெயின் கைதியின் பேரப்பிள்ளையே ஆகும்.

பணத்தைக் கேட்கும் கடிதம் இவ்வாறாக, கணினியைக் கெடுக்கும் கடிதமும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த உறையில் பயணம் செய்ததுண்டு. 1989-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இலண்டன் நகரிலிருந்து ஏறத்தாழ 20,000 பேருக்குத் தபாலில் ஒரு கணினித் தட்டு அனுப்பப்பட்டது. எய்ட்ஸ் நோயைப் பற்றிய செய்திகள் அதில் உள்ளன என்று மேலே எழுதியிருந்தது. அக்காலத்தில் உலகமே அஞ்சிக்கொண்டிருந்த நோய் அது. எனவே பலரும் ஆவலோடு அதனைத் தம் கணினியில் இட்டனர். சில நாள்கள் ஒன்றும் நிகழவில்லை. கணினியை ஏறத்தாழ 90 முறை இயக்கிய பிறகு, கோப்புகளின் பெயர்களெல்லாம் உருத்தெரியாமல் மாறின. பனாமா நாட்டில் உள்ள ஓர் அஞ்சல் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பினால்தான் மீட்சி உண்டு என்ற அறிவிப்புத் திரையில் தோன்றியது. கணினியைப் பிணையாகப் பிடித்துப் பணம் பறிக்கும் ‘ரேன்சம்வேர்’ என்னும் கொடுமையின் தொடக்கம் அதுவே.

அதற்குப் பத்தாண்டுகளுக்குச் சற்று மேலான காலத்துக்குப் பின்னர், தபால் உறையின் இடத்தை மின்னஞ்சல் பிடித்துக்கொண்டது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்னும் பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்கள் இடைவெளியின்றி அதன் தலைப்பாக அமைந்திருந்தன. உடன் ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. ‘என்னிடமிருந்து வரும் காதல் கடிதத்தைப் பார்’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி உள்ளே இருந்தது. அவ்வளவுதான். அதனைத் திறந்தவரின் கணினியில் இருந்த படங்கள் முதலியன அழிந்தன. அவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும், அவருடைய பெயராலேயே, அதே கடிதம் தானாகப் பறந்தது. சில நாள்களுக்குள் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகள் தாக்குண்டன. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை தன் மின்னஞ்சல் அமைப்பையே சிறிது நேரம் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் நீங்கள் கருத்தூன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்கடிதம் அறியாதவரிடமிருந்து வரவில்லை. அலுவலகத் தோழர், உறவினர், ஆசிரியர், மாணவர் என்று நன்கு அறிந்தவர்களிடமிருந்தே வந்தது. ‘முன்பின் அறியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதே’ என்று நாம் சிறுவர்களுக்குச் சொல்லும் அறிவுரையைக் கடைப்பிடித்தவர்களும் அன்று ஏமாந்தார்கள். ஆகவே அந்த அறிவுரை வேண்டியதே எனினும் போதாது. அனுப்பியவர் யார் என்பதைக் காட்டிலும், அனுப்பியவர் அவர்தானா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

அறிந்தவரின் பெயரால் அயலார் கடிதம் அனுப்புவது எங்ஙனம் இயலும்? அதற்கு மின்னஞ்சலின் வரலாற்றைச் சிறிது அறிய வேண்டும். 1971-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரே டாம்லின்சன் என்பார், ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பும் முறையைக் கண்டார். பெயரையும் இடத்தையும் பிரிப்பதற்கு இன்று நாம் பயன்படுத்தும் ‘அட்’ என்ற குறியைத் தேர்ந்தவரும் அவரே. 1982-ஆம் ஆண்டில், கணினிகள் தமக்குள் அஞ்சல் பரிமாறிக்கொள்வதற்குரிய எளிய நெறிமுறை ஒன்று வகுக்கப்பட்டது. அக்காலத்தில் அவ்வலையமைப்பைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். ஆதலால் அனுப்புவோர் எழுதும் பெயர் மெய்யா பொய்யா என்று ஆராயும் ஏற்பாடு அந்நெறிமுறையில் இடம்பெறவில்லை. தபால் உறையின் இடப்பக்க மூலையில் ‘அனுப்புநர்’ என்று எவர் பெயரையும் எவரும் எழுதலாம்; தபால் நிலையத்தார் அதனைச் சோதிப்பதில்லை அன்றோ? மின்னஞ்சலின் நிலையும் அதுவாகவே இருந்தது. பிற்காலத்தில் பல காவல்கள் அமைக்கப்பட்டன. பெரிய நிறுவனங்கள் இன்று பொய் அஞ்சல்களுள் பெரும்பகுதியை வாயிலிலேயே தடுத்து விடுகின்றன. எனினும் முகவரிக்கு முன்னால் தோன்றும் பெயரை அனுப்புகிறவர் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். ‘முதல்வர் அலுவலகம்’ என்று பெயர் தோன்றும். அதனைத் தொட்டு முகவரியை விரித்துப் பார்த்தால், யாரோ ஒருவரின் இலவச மின்னஞ்சல் கணக்காக இருக்கும். மேலும், உங்கள் நண்பரின் கடவுச்சொல்லைத் திருடியவன் உண்மையான அவர் முகவரியிலிருந்தே எழுதலாம். அப்போது காவல்கள் யாவும் அதனை நல்ல கடிதம் என்றே உள்ளே விடும்.

இனி, இணைப்புக் கோப்பு எவ்வாறு தீமை செய்கிறது என்பதைக் காண்போம். கணினியில் உள்ள கோப்புகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, நாம் படிப்பதற்கோ பார்ப்பதற்கோ உரியது. மற்றொன்று, கணினி நிறைவேற்றுவதற்குரிய ஆணைகளைக் கொண்டது. பின்னதற்கு நிரல் என்று பெயர். கணினி மிகவும் பணிவுள்ள ஏவலாள். ஆணையிட்டவர் தம் எசமானரா, திருடரா என்று ஆராயாது. நாம் கோப்பைத் திறந்தவுடன், அதில் எழுதியுள்ளபடி செய்து முடிக்கும். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளே அஃது எவ்வகைக் கோப்பு என்பதைக் காட்டுவன. மணிலாவிலிருந்து வந்த கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடிந்தது. ‘டிஎக்ஸ்டி’ என்பது வெறும் எழுத்துக் கோப்பைக் குறிக்கும். ‘விபிஎஸ்’ என்பது நிரலைக் குறிக்கும். கடைசியில் இருப்பது எதுவோ அதுவே மெய். ஆனால் விண்டோஸ் கணினிகள், பார்வைக்கு எளிமையாக இருக்கட்டும் என்று, தமக்குத் தெரிந்த கடைசிப் பகுதியை மறைத்துக் காட்டும் இயல்புடையன. ஆகவே மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது ‘டிஎக்ஸ்டி’ மட்டுமே. பசுத்தோல் கண்ணுக்குத் தெரிந்தது. புலி உள்ளே இருந்தது.

வேறொரு வழியும் உண்டு. வேர்டு, எக்ஸெல் போன்ற ஆவணங்களுக்குள்ளும் ‘மேக்ரோ’ எனப்படும் சிறு நிரலை மறைத்து வைக்கலாம். 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பரவிய ‘மெலிசா’ என்னும் வைரஸ் அத்தகையது. ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் உள்ள முதல் 50 பேருக்கு அது தன்னையே அனுப்பிக்கொண்டது. இத்தகைய தொல்லைகளைக் கண்டு, இணையத்திலிருந்து வரும் ஆவணங்களில் மேக்ரோ இயங்காதபடி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் தடை அமைத்தது. ஆதலால் ஓர் ஆவணம், ‘என்னைப் படிக்க வேண்டுமானால் பாதுகாப்பை நீக்கு’ என்று உங்களிடம் கேட்குமானால், அங்கேயே நின்றுவிடுங்கள். வீட்டுக்கு வரும் நல்ல விருந்தினர் எவரும் பூட்டை உடைத்து வைக்குமாறு சொல்லியனுப்புவதில்லை. கைப்பேசியிலும் இதே நிலைதான். திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயர் சூட்டிக்கொண்டு ‘ஏபிகே’ என்று முடியும் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. ஏபிகே என்பது செயலியை நிறுவும் கோப்பு. அழைப்பிதழைப் பார்க்கச் செயலி எதற்கு? படமாகவோ எழுத்தாகவோ வர வேண்டியது செயலியாக வந்தால், அதன் உள்ளே அழைப்பு இல்லை என்று அறிக.

கோப்பு இல்லாமல், ‘இங்கே தொடுக’ என்று ஒரு சுட்டி மட்டும் வருவதும் உண்டு. அதனைத் தொட்டால் வங்கியின் பக்கம் போலவோ, கல்லூரியின் பக்கம் போலவோ ஒரு பக்கம் திறக்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். எழுதியவுடன் அவை திருடன் கைக்குப் போய்விடும். தூண்டிலிட்டு மீன் பிடிப்பது போன்ற செயல் ஆதலின், இதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபிஷிங்’ என்றே பெயர். இதனைக் கண்டறிய, இணைய முகவரியைப் படிக்கும் முறையை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். தபால் முகவரியில் ஊர்ப்பெயர் கடைசி வரியில் வரும். அந்த வரிதான் கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதை முடிவு செய்கிறது. ஒரு தெருவுக்குக் ‘காசித் தெரு’ என்று பெயர் இருப்பதனால் கடிதம் காசிக்குப் போய்விடாது. இணைய முகவரியிலும், முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்பக்கத்தில் உள்ள கடைசிச் சொற்களே அத்தளம் யாருடையது என்பதைக் காட்டுவன. ‘நல்வங்கி’ என்று ஒரு வங்கி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ‘நல்வங்கி.பேங்க்.இன்’ என்று முடிவது அவ்வங்கியின் முகவரி. ‘நல்வங்கி.பேங்க்.இன்.பரிசுமனை.காம்’ என்று நீண்டால், அது நல்வங்கியுடையது அன்று. பரிசுமனை என்னும் யாரோ ஒருவருடையது. இந்தியாவில் உள்ள வங்கிகள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டில் ஆணையிட்டதும் இக்காரணம் பற்றியே. முகவரியின் அருகே பூட்டின் படம் இருப்பதைக் கண்டு மயங்கிவிட வேண்டா. உங்களுக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்க முடியாது என்பதே பூட்டின் பொருள். அத்தளத்தை நடத்துகிறவர் நல்லவர் என்பதற்கு அது சான்று ஆகாது. திருடனும் தன் வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடுகிறான் அல்லவா?

இதுகாறும் கூறியவை கண்ணால் கண்டு அறியத்தக்கவை. ஆனால் மோசடிக்காரன் முதலில் குறிவைப்பது உங்கள் கணினியை அன்று, உங்கள் மனத்தை. பரிசு விழுந்தது என்பான், ஆசை எழும். மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும் என்பான், அச்சம் எழும். இன்னும் பத்து நிமிடம்தான் உள்ளது என்பான், அவசரம் பிறக்கும். இம்மூன்றும் எழுந்த மனத்தில் ஆராய்ச்சி நிற்பதில்லை. ஆதலால் ஒரு கடிதத்தைப் படித்தவுடன் நெஞ்சு படபடக்குமானால், அப்படபடப்பையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். உங்களைப் போன்ற மாணவர்களுக்கு வரும் தூண்டிலில் இருக்கும் இரை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்வி உதவித்தொகை, வீட்டிலிருந்தே செய்யும் வேலை, நேர்முகத் தேர்வுக்கான பதிவுக் கட்டணம், முன்கூட்டியே கிடைக்கும் தேர்வு முடிவு ஆகியவையே அவை. வேலை கொடுப்பவர் சம்பளம் தருவார். வேலை கேட்பவரிடம் பணம் கேட்பாரானால், அங்கே விற்கப்படுவது உங்கள் நம்பிக்கை.

ஏமாந்தவர்கள் யாவரும் பேராசைக்காரர்கள் என்றோ, அறிவிலிகள் என்றோ எண்ணிவிட வேண்டா. கடமையைச் செய்பவரும் ஏமாறுவதுண்டு. அதற்கு நம் அண்டை நாடாகிய வங்காள தேசத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அந்நாட்டின் மைய வங்கியில் பணிபுரிந்த சிலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேலை தேடும் இளைஞர் ஒருவர் பணிவோடு எழுதியது போன்று இருந்தது. தம்மைப் பற்றிய விவரக் குறிப்பைப் பதிவிறக்கிப் பார்க்குமாறு அதில் ஒரு சுட்டி இருந்தது. வேலை கேட்டு எழுதும் இளைஞனின் குறிப்பைப் படிப்பதில் என்ன குற்றம்? சிலர் திறந்தனர். அதன் வழியே நுழைந்தவர்கள் ஓராண்டுக் காலம் ஓசையின்றி உள்ளேயே தங்கி, வங்கியின் வழக்கங்களையெல்லாம் கற்றுக்கொண்டனர். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் வியாழக்கிழமை இரவு, அவ்வங்கியின் பெயரால் நியூயார்க்கிலுள்ள ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 ஆணைகள் பறந்தன. அவற்றில் கேட்கப்பட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். ஐயத்தின் பேரில் பல ஆணைகள் நிறுத்தப்பட்டன. எனினும் 8 கோடியே 10 இலட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கையில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரால் அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மட்டும் ஒரு விந்தையான காரணத்தால் தப்பியது. ‘ஃபவுண்டேஷன்’ என்னும் சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதிவிட்டனர். இடையில் இருந்த ஒரு வங்கி அப்பிழையைக் கண்டு, ‘இது சரிதானா?’ என்று விளக்கம் கேட்டது. ஓர் எழுத்துப் பிழையைக் கவனித்த கண்கள் 2 கோடி டாலரைக் காத்தன. இச்செயலை வட கொரிய அரசுக்காக உழைத்த ஒரு கூட்டத்தார் செய்தனர் என்று அமெரிக்க நீதித்துறை 2018-ஆம் ஆண்டில் குற்றம் சாட்டியது.

எழுத்துப் பிழையைப் பார்த்தே மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. இன்று அது பெருமளவு செல்லாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையால், தமிழறியாத ஒருவனும் பிழையற்ற தமிழில் உங்களுக்குக் கடிதம் எழுதலாம். பிழை இருந்தால் ஐயுறுங்கள். பிழை இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அவ்வாறாயின், எக்காலத்துக்கும் பொருந்தும் சோதனை எது?

அதனை எங்கள் பள்ளிக்கூட நடைமுறையிலிருந்தே காட்டுவேன். புதிதாக ஓர் ஆசிரியர் பணியில் சேர்கிறார்; தம் சான்றிதழ்களைக் கொண்டுவந்து காட்டுகிறார். தாள் நன்றாக இருக்கிறது; முத்திரை இருக்கிறது; கையொப்பமும் இருக்கிறது. எனினும் அவ்வளவோடு நாங்கள் விடுவதில்லை. அச்சான்றிதழின் படியை, அதனை வழங்கிய பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி, ‘இது தாங்கள் வழங்கியதுதானா?’ என்று கேட்கிறோம். இதற்கு ‘உண்மைத்தன்மை அறிதல்’ என்று பெயர். கொண்டுவந்தவரிடமே ‘இது மெய்யா?’ என்று கேட்டால், அவர் ‘மெய்’ என்றுதான் சொல்வார். ஆகவே வந்த வழியில் கேளாமல், வேறு வழியில், வழங்கியவரிடம் கேட்கிறோம். மாணவன் ஒருவன் தந்தையின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் கொண்டுவந்தாலும் இதே முறைதான். ஐயம் எழுந்தால், அக்கடிதத்தில் எழுதியுள்ள எண்ணுக்குப் பேசுவதில்லை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அதில் உள்ள எண்ணுக்குப் பேசுகிறோம். எந்த நல்ல ஆசிரியரும், எந்தத் தந்தையும் இதனைத் தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்வதில்லை.

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தவை அனைத்தும் இந்த ஒன்றில் அடங்கும். செய்தி வந்த வழியிலேயே அதன் உண்மையைச் சோதிக்காதீர்கள். வேறு வழியில் சோதியுங்கள். வங்கியிலிருந்து கடிதம் வந்ததா? அதில் உள்ள சுட்டியைத் தொடாமல், உங்கள் கணக்குப் புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்குப் பேசுங்கள். உதவித்தொகை அறிவிப்பு வந்ததா? கல்லூரி அலுவலகத்துக்கு நடந்து சென்று கேளுங்கள். அவசரமாகப் பணம் வேண்டும் என்று நண்பன் எழுதினானா? அவனுக்குப் பதில் எழுதாமல், அவன் குரலைக் கேட்குமாறு நீங்கள் முன்பே அறிந்த எண்ணில் பேசுங்கள். ஐந்து நிமிடம் செலவாகும். உண்மையான கடிதம் அந்த ஐந்து நிமிடத்தில் கெட்டுப்போவதில்லை. பொய்க் கடிதம்தான் கெட்டுப்போகும்.

நிற்க. தீமைகள் யாவும் நம் கையால் திறக்கப்பட்டே உள்ளே வருகின்றன என்று கூறிவிடவும் இயலாது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல், ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் குறித்திருந்த சிகிச்சைகள் பல தள்ளிவைக்கப்பட்டன. எவரும் கோப்பைத் திறக்காமலேயே, விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையின் வழியே அது கணினிக்குக் கணினி தாவியது. ஆனால் அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் நாளே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதனை உரிய காலத்தில் பெற்றுக்கொண்ட கணினிகள் தப்பின. ஆகவே கணினியோ கைப்பேசியோ புதுப்பிக்கச் சொல்லும்பொழுது, ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போடாதீர்கள். கடவுச்சொல் ஒவ்வோர் இடத்துக்கும் வேறாக இருக்கட்டும். ஒரே சாவியால் எல்லாப் பூட்டும் திறக்குமானால், ஒரு சாவி தொலைந்தால் எல்லாம் தொலையும். கடவுச்சொல்லோடு மற்றொரு சோதனையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். அரிய பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும், கணினியோடு எப்போதும் இணைந்திராத வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னரும் ஒருவர் தவறித் தொட்டுவிடலாம். அப்போது செய்ய வேண்டியது யாது? கணினியை அல்லது கைப்பேசியை உடனே இணையத்திலிருந்து துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால், முதலில் வங்கிக்கும், 1930 என்னும் தேசிய இணையவழிக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். வந்த கடிதத்தை அழித்துவிடாதீர்கள், அதுவே சான்று. உங்கள் பெயரால் நண்பர்களுக்கும் கடிதம் போயிருக்கலாம் ஆதலின், அவர்களையும் எச்சரியுங்கள். இவை அனைத்திலும் காலமே உயிர். வங்காள தேசத்துத் திருடர்கள் அந்த வியாழக்கிழமை இரவை ஏன் தேர்ந்தனர்? அந்நாட்டில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயார்க்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை. மணிலாவில் அதனை அடுத்த திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. பணத்தை நிறுத்தி வையுங்கள் என்னும் வேண்டுகோள் உரியவர் கைக்குச் சேர்வதற்குள், பணத்தின் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. நான்கு நாள் மௌனம்தான் திருடனுக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி.

வங்கிகளுக்கு விடுமுறையால் நேர்ந்த தாமதம், வீடுகளில் வெட்கத்தால் நேர்கிறது. தந்தையார் கடிந்துகொள்வாரோ, தோழர்கள் நகைப்பார்களோ என்று அஞ்சி, ஏமாந்த மாணவன் வாய்மூடி இருக்கிறான். அவன் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு வரவு. மணிலாவில் அந்தக் காதல் கடிதத்தை அனுப்பியவர்மீது தொடுத்த வழக்கு, அதனைத் தண்டிக்க அந்நாட்டில் அன்று சட்டம் இல்லாமையால் கைவிடப்பட்டது. இன்று நம் நாட்டின் நிலை அதுவன்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுபவருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டம் ஏமாற்றியவனையே குற்றவாளி என்கிறது, ஏமாந்தவனை அன்று. இதனைப் பெற்றோரும் ஆசிரியரும் நினைவில் வைத்தல் நலம். அறியாமல் தொட்டுவிட்டேன் என்று ஒரு பிள்ளை வந்து சொல்லும்பொழுது, ‘ஏன் தொட்டாய்?’ என்று கேட்பதற்கு முன் ‘உடனே சொன்னாயே, நல்லது’ என்று சொல்லுங்கள். அப்பிள்ளை அடுத்த முறையும் வந்து சொல்லும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் பாட்டியார் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கும் பொய், அவருக்கு விளங்காமல் போகலாம். இன்றிரவு உணவுக்குப் பின் அவர் அருகில் அமர்ந்து, வந்த வழியில் கேளாமல் வேறு வழியில் கேட்கும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். ஐயம் வந்தால் எந்த நேரமாயினும் உங்களைக் கூப்பிடலாம் என்றும் சொல்லிவையுங்கள்.